கட்டைவிரலுக்குத் தனி மூளை கிடையாது

ராபர்ட் ஜான்சனின் பழைய ப்ளூஸ் இசைத்தட்டை முதன்முதலாகக் கேட்ட கீத் ரிச்சர்ட்ஸ், கூட வாசிக்கும் இன்னொருவர் யார் என்று விசாரித்தாராம். 1936, 1937 ஆண்டுகளில் டெக்சாஸில் பதிவான அந்தப் பாடல்களில் ஒரே ஆள்தான், ஒரே கிட்டார்தான். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞராக உலகத்தைச் சுற்றி வந்தவருடைய காதே ஏமாந்திருக்கிறது என்றால் நம் காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழே பேஸ் என்கிற தாழ்சுர வரிசை தடதடவென்று ஓடுகிறது. மேலே யாரோ அதைச் சட்டை செய்யாமல் மெட்டு வாசிக்கிறார். இடையிடையே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்கிறார்கள். இத்தனையும் ஒரு வலது கையின் வேலை.

பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையால் ஆறு தந்திகளையும் ஒரே இழுப்பில் வருடுவது ஸ்ட்ரம்மிங். அந்த வில்லையை ஓரம் வைத்துவிட்டு, தடித்த தந்திகளைக் கட்டைவிரலுக்கும் மெல்லிய தந்திகளை மற்ற விரல்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது ஃபிங்கர்பிக்கிங். இதைக் கற்க வருகிறவரிடம் ஆசிரியர் முதலில் சொல்வது, “கட்டைவிரலைத் தனியாக ஓடப் பழக்கு” என்பதுதான். பயிற்சிக்கு உதவும் அறிவுரை, சந்தேகமில்லை. ஆனால் விரல்களையும் மூளையையும் ஆராய்ந்தவர்கள் கண்டது இதற்கு நேர் எதிர். கட்டைவிரல் ஒருநாளும் தனியாக ஓடுவதில்லை. வாசிப்பவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து இரண்டை ஒன்றாக்குகிறார். கேட்பவர் காது அந்த ஒன்றை நொடியில் இரண்டாக்கிவிடுகிறது.

ஃபிங்கர்பிக்கிங் பழகுகிறவர்களுக்கு முதல் பாட்டாக அடிக்கடி கொடுக்கப்படுவது ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893இல் பிறந்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண், பதினொன்று பன்னிரண்டு வயதில் இயற்றியது. வீட்டருகே போகும் சரக்கு ரயிலைப் பற்றிய பாட்டு. கார்டுகள் என்கிற சுரக்கூட்டங்கள் நான்கைந்துதான், வேகமும் மிதமானது. சின்னப் பிள்ளை ஒருத்தி கட்டிய மெட்டு என்பதால் எளிதாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால், முதல் வரியிலேயே விரல் பின்னிக்கொள்ளும்.

எங்கே பின்னுகிறது என்று பார்க்க, இந்த வகைப் பாட்டுகளுக்கு அடித்தளமாகச் சொல்லித்தரப்படும் ஒரு சுற்றைப் பிரித்துப் பார்க்கலாம். இடது கை ‘சி’ கார்டைப் பிடித்திருக்கிறது: மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு), நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில், ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில். வலது கைக்கு நம் சொற்கட்டையே கணக்காக வைத்துக்கொள்வோம்: தக திமி தக ஜுணு. எட்டு அட்சரம். த, தி, த, ஜு என்ற நான்கும் கட்டைவிரலுக்குச் சொந்தம். ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, மறுபடி ஐந்து, மறுபடி நான்கு. இது மாறவே கூடாது. க, மி, க, ணு என்ற இடைவெளிகள் மற்ற விரல்களுக்கு. முதல் ‘த’வில் கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து கிள்ள வேண்டும், நடுவிரலுக்கு முதல் தந்தி. அடுத்த ‘க’ காலி. ‘தி’யில் கட்டைவிரல் மட்டும். ‘மி’யில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியைத் தட்ட வேண்டும். அடுத்த ‘த’ கட்டைவிரல், ‘க’ நடுவிரல், ‘ஜு’ கட்டைவிரல், ‘ணு’ காலி.

கட்டைவிரலை மட்டும் ஓட்டிப் பார்த்தால் குழந்தையும் செய்யும். சேர்ந்து கிள்ளும் முதல் அட்சரமும் சுலபம். சிக்கல் ‘மி’யில். ஆள்காட்டி விரல் அந்த இடைவெளிக்குள் நுழையப் போகும்போது ஒன்று கட்டைவிரல் மரியாதையாக நின்று வழிவிடுகிறது, அல்லது ஆள்காட்டி விரல் பொறுக்கமாட்டாமல் கட்டைவிரலோடு சேர்ந்து ‘தி’யிலேயே விழுகிறது. மெதுவாக வாசித்தால் சரியாக வரும். கொஞ்சம் வேகம் கூட்டினால் மறுபடி விழும். கற்பவர் தன்னிடம் தாளஞானம் இல்லை என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் கார் வைப்பர் மாதிரி ஒரே திசையில், இடம் வலமாக ஆட்டுங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் உங்கள் அனுமதி கேட்காமலே விரல்கள் கட்சி மாறி, இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஒரே நேரத்தில் வெளியே போகத் தொடங்கிவிடும். ஸ்காட் கெல்சோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதை அளந்து பார்த்தார். மாற்றம் எப்போதும் ஒரு திசையில்தான் நடக்கிறது. ஒரே திசை ஆட்டம் உள்ளே-வெளியே என்ற ஒத்திசைவுக்கு விழும்; ஒத்திசைவில் தொடங்கியவர் வேகம் கூடியதால் கட்சி மாறுவதில்லை. ஹெர்மன் ஹாக்கன் என்ற ஜெர்மன் இயற்பியலாளருடன் சேர்ந்து 1985இல் இதற்கு ஒரு சமன்பாடும் எழுதினார்கள். வேகம் குறைவாக இருக்கும்போது அந்தச் சமன்பாட்டுக்கு நிலையான தீர்வுகள் இரண்டு. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒன்று காணாமல் போகிறது.

கிட்டார்காரருக்கு இன்னும் நெருக்கமானது கெல்சோ குழுவின் 1990ஆம் ஆண்டுச் சோதனை. தாளம் காட்டும் மெட்ரோனோம் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சரியாக விரலை அசைக்க வேண்டும். ‘மி’யின் வேலையேதான். மெட்ரோனோம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தட்டு என்ற வேகத்தை எட்டும்போது, பெரும்பாலானோர் விரல் நடுவிலிருந்து நழுவித் தட்டின்மேலேயே விழுந்துவிட்டது. நொடிக்கு இரண்டு என்றால் நிமிடத்துக்கு 120. பாட்டுகள் பலவும் நடைபோடும் வேகம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்கள் இந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போகிறார்கள். பயிற்சி இல்லாத உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் சோதனை காட்டுகிறது. இடைவெளியில் விழுவது கற்றுக்கொள்ள வேண்டிய காரியம்.

கையின் அமைப்பும் நமக்கு முழு ஒத்துழைப்புத் தருவதில்லை. விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை போகின்றன. கட்டைவிரலுக்கு இப்படி மடக்குவதற்கென்றே ஒரு தனித்தசை உண்டு. ஆள்காட்டி விரலும் ஓரளவு சுதந்திரமானது. நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் ஆழத்தில் உள்ள தசையைப் பெருமளவு பகிர்ந்துகொள்கின்றன. போதாததற்கு, புறங்கையில் விரல்களை நிமிர்த்தும் நாண்களுக்கு நடுவே குறுக்குக் கட்டுகள் வேறு. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எழும்பாது. மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கட்டிப்போட்டிருக்கிறது.

அமெரிக்க நாட்டுப்புறப் பாணியின் பெரிய கைகளில் ஒருவரான மெர்ல் ட்ராவிஸ், இந்தத் தொல்லையையே வேண்டாம் என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்துக்கொண்டே வாழ்ந்தார். கென்டக்கி மாநிலத்து நிலக்கரிப் பகுதியில் 1917இல் பிறந்தவர். ஊரில் இருந்த மூத்த வாசிப்பாளர்களிடம் பார்த்துக் கற்றது அந்த முறை. இன்று உலகம் முழுக்க ‘ட்ராவிஸ் பிக்கிங்’ என்று அவர் பெயரால் வழங்குகிறது. அவர் வாசிப்பை வானொலியில் மட்டுமே கேட்டு வளர்ந்த செட் ஆட்கின்ஸ் என்ற இளைஞருக்கு, இவ்வளவு ஒலியை இரண்டு விரல் எழுப்ப முடியும் என்று தோன்றவே இல்லை. கூடுதல் விரல்களை வைத்து அந்த ஒலியைத் தேடினார். ட்ராவிஸ் இரண்டே விரலில் வாசிக்கிறார் என்று தெரியவந்தபோது ஆட்கின்ஸுக்குத் தன் முறை கையில் ஊறிவிட்டிருந்தது; அதை வைத்தே அவரும் பெரிய ஆளானார். தவறாகக் காதில் விழுந்த ஒன்று புதிய பாணியாக மாறியது.

காட்டனின் கதை இதைவிட வினோதம். அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். அண்ணனுடைய பான்ஜோவில் தொடங்கியவர், பிறகு வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். வலதுகைக்காரர்களுக்காகத் தந்தி கட்டியது. தந்திகளை மாற்றிக் கட்டாமல் கருவியை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். அதனால் தடித்த தந்திகள் தரைப்பக்கம் போய்விட்டன, மெல்லியவை மேலே. பேஸ் தந்திகளுக்கு விரல், மெட்டுக்குக் கட்டைவிரல்! மேலே நாம் எழுதிய கணக்கு முழுவதும் தலைகீழ். இன்று அந்தப் பாட்டை வாசிப்பவர்கள் அவரை அப்படியே பின்பற்றுவதில்லை, வலது கைக்குத் தக்கபடி திருப்பி வாசிக்கிறார்கள். கட்டைவிரல்தான் பேஸைப் பிடிக்க வேண்டும் என்று எந்த நரம்பிலும் எழுதியில்லை. நம் வீணையில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுரம் மீட்ட, பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் பார்த்துக்கொள்கிறது. கணக்கு வைக்கும் வேலையை எந்த விரலிடமும் கொடுக்கலாம்.

அப்படியானால் அந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பது எது? ஒரே நேரத்தில் இரண்டு தாளங்களைக் கைகள் தட்டும்போது, மூளைக்குள் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுகின்றனவா, அல்லது ஒரே கடிகாரம் இரண்டையும் பின்னி ஓட்டுகிறதா என்று உளவியலாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு கை மூன்று தட்டும் நேரத்தில் மறு கை இரண்டு தட்ட வேண்டும். தட்டுகளுக்கு இடையில் ஏற்படும் சின்னச் சின்ன நேரப் பிழைகளை அளக்க வேண்டும். கடிகாரங்கள் இரண்டு என்றால் ஒரு கையின் பிழைக்கும் மறு கையின் பிழைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ரிச்சர்ட் ஜகசின்ஸ்கி, ஸ்டூவர்ட் கிளாப் முதலியோர் 1988இல் வெளியிட்ட முடிவுகள் ஒரே பின்னலைத்தான் காட்டின. கைகள் தனித்தனியே கணக்கு வைக்கவில்லை. ஒன்றின் தட்டு முடிந்த இடத்திலிருந்து மற்றதன் தட்டு எண்ணப்படுகிறது.

ஒரே உரலில் இரண்டு பெண்கள் உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டு நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இவள் தனக்கென ஒரு தாளமும் அவள் தனக்கென ஒரு தாளமும் வைத்துக்கொண்டு குத்தினால் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும். இருவருக்கும் சேர்த்து ஓடுவது ஒரே தாளம், அதில் ஒன்றுவிட்டு ஒன்று இவளுடையது.

இதைத் தெரிந்துகொண்டு பயிற்சிக்கு உட்கார்ந்தால் அணுகுமுறை கொஞ்சம் மாறும். கட்டைவிரலை மட்டும் ஒரு வாரம் ஓட்டி, மெட்டை மட்டும் ஒரு வாரம் வாசித்து, பிறகு இரண்டையும் ஒட்டவைக்கலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். கட்டைவிரல் தடுமாறாமல் ஓடும்வரை தனியே ஓட்டுவது நல்லதுதான். அதற்குமேல் அதிலேயே நிற்பது வீண் என்பது என் கட்சி. ஏனெனில் ‘தி’யும் ‘மி’யும் சேர்ந்தது மூளைக்குப் புதிய பொருள். ‘தி’ தெரியும், ‘மி’ தெரியும் என்பதால் ‘திமி’ தெரிந்துவிடாது. தகதிமி தகஜுணு என்று வாயால் சொல்லிக்கொண்டே, எந்த விரல் எந்த அட்சரத்தில் என்று முழுச் சுற்றையும் ஒரே சொல்லாகப் பழகுவதுதான் குறுக்குவழி. இத்தாலியரான மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னாவில் வெளியிட்ட கிட்டார் பாடநூலில் வலது கைக்கு 120 பயிற்சிகள் உண்டு. அத்தனைக்கும் இடது கை ‘சி’, ‘ஜி செவன்’ என்ற இரண்டே கார்டுகளை மாற்றிக்கொண்டிருந்தால் போதும். வாசிப்பவர் கவனம் முழுவதும் விரல்களின் பின்னலிலேயே இருக்கட்டும் என்ற ஏற்பாடு. இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பயிற்சிகள் வழக்கொழியவில்லை.

பின்னல் ஒருமுறை கையில் படிந்துவிட்டால் அது முன்கூட்டியே தயாராகி வரிசையில் நிற்கிறது. கார்ல் லாஷ்லி என்ற நரம்பியல் உளவியலாளர் 1951இல் இதைச் சுட்டிக்காட்டினார். இசைக்கலைஞரின் விரல்கள் நொடிக்குப் பதினாறு முறைவரை தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டும் முடிந்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து அடுத்த கட்டளை வருவதற்கு நேரமே இல்லை. ஆக, கட்டளைகள் ஏற்கெனவே கிளம்பிவிட்டன என்றுதான் கொள்ள வேண்டும். இதற்கு 2009இல் ஒரு வியப்பான சாட்சி கிடைத்தது. பியானோ கலைஞர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி வாசிக்கச் சொன்னபோது, தவறான கட்டையை விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நொடிக்கு முன்பே மூளையில் பிழைக்கான சமிக்ஞை எழுந்தது. தவறான சுரங்கள் சரியானவற்றைவிடச் சற்று மென்மையாகவும் ஒலித்தன. தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்து, நிறுத்த முடியாமல், கை கடைசி நேரத்தில் கொஞ்சம் கூசியிருக்கிறது.

இனி கேட்பவர் பக்கம்.

கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை இழுத்து விடும் கணத்தில் தந்தி ஒரு தட்டையான முக்கோணமாக நிற்கிறது. விட்டதும் அந்த முக்கோணத்தின் முனை இரண்டாகப் பிரிந்து, ஒன்று கருவியின் உடல்மேல் தந்தியைத் தாங்கும் பாலத்தை நோக்கியும் மற்றது கழுத்தை நோக்கியும் பாய்ந்து, மோதித் திரும்பி, கடைசியில் புறப்பட்ட இடத்திலேயே மறுபடி சந்திக்கிறது. இந்தச் சுற்று நொடிக்கு எத்தனை முறை என்பதுதான் சுருதி. ஃப்ரெட்டை அழுத்தாத ஐந்தாம் தந்தியில் 110 முறை. தந்தியின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அலையின் வேகம் நொடிக்கு 140 மீட்டருக்கு மேல் வருகிறது. மிக மெல்லிய முதல் தந்தியில் அதுவே 430 மீட்டரைத் தொடும். காற்றில் ஒலி போகும் வேகமே நொடிக்கு 340 மீட்டர் சுற்றித்தான். இந்த மெல்லிய தந்திக்குள் அலை அதையும் முந்துகிறது. இந்த வேகம் வருவதற்காக ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடையின் விசையோடு பாலத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும்.

முக்கோணத்தின் முனை எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு உயர் ஸ்வரிதங்கள் (அடிப்படைச் சுருதியின் மடங்குகளாக ஒலிப்பவை) கிளம்பும். நகம் பட்டால் முனை கூர், ஒலி பளிச்சென்றிருக்கும். கட்டைவிரலின் சதை பட்டால் முனை மழுங்கி ஒலி கனிகிறது. எங்கே மீட்டுகிறோம் என்பதும் முக்கியம்: தந்தியின் நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஸ்வரிதங்கள் எழாமலே போகும், பாலத்தருகே மீட்டினால் சுள்ளென்று இருக்கும். ட்ராவிஸ் பாணிக்காரர்கள் கூடுதலாக ஒன்று செய்கிறார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பாலத்தருகே தடித்த தந்திகள்மேல் லேசாகச் சாய்த்துக்கொள்கிறார்கள். பேஸ் ஒலி நீளாமல் ‘டுப், டுப்’ என்று அறுபட்டு விழுகிறது. மெல்லிய தந்திகள் தடையின்றி ஒலிக்கின்றன.

இத்தனையும் சேர்ந்துதான் காதை ஏமாற்றுகின்றன. ஒரு தாழ்ந்த சுரம், ஓர் உயர்ந்த சுரம் என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால், இரண்டும் சுருதியில் நெருங்கியிருக்கும்வரை அல்லது மெதுவாக வரும்வரை காது அதை ஒரே மெட்டாகக் கேட்கும். இடைவெளியை விரித்தாலோ வேகத்தைக் கூட்டினாலோ மெட்டு பிளந்து இரண்டு தனித்தனி ஓட்டங்களாகிவிடும். நெதர்லாந்தின் லியோன் வான் நூர்டன் 1975இல் இந்த எல்லைகளை அளந்தார். கனடாவின் ஆல்பர்ட் பிரெக்மன் இதையே வாழ்நாள் ஆய்வாக வளர்த்து 1990இல் பெரிய நூலாக்கினார். சந்தையில் நிற்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் காதில் விழுவது எல்லா ஒலியும் கலந்த ஒரே காற்றழுத்தம். எது எதிலிருந்து வருகிறது என்று காதுதான் பிரித்தாக வேண்டும். சுருதியில் தள்ளியிருப்பதும் நாதத்தில் மாறுபடுவதும் வேறு வேறு மூலத்திலிருந்து வருகின்றன என்று அது ஊகிக்கிறது. பெரும்பாலும் சரியான ஊகம். ராபர்ட் ஜான்சனிடம் மட்டும் தோற்றுப்போகிறது.

ஒற்றை வயலினில் பல குரல்கள் ஒலிப்பதாக நம்பவைக்க இசையமைப்பாளர் பாக் இதே பலவீனத்தைத்தான் பயன்படுத்தினார். ஆப்பிரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. உகாண்டாவின் மரக்கட்டை இசைக்கருவியான அமடிண்டாவில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் தட்டுக்கு நடுவே மற்றவர் தட்டுவார்கள். கேட்பவர் காதில், அந்த இருவரில் யாருமே வாசிக்காத ஒரு மெட்டு எழும். கெர்ஹார்ட் குபிக் என்ற ஆஸ்திரிய இசை ஆய்வாளர் 1962இல் இதை விவரித்து எழுதினார். அமெரிக்கக் கிட்டாரின் கட்டைவிரல் பாணி கறுப்பின மக்களின் கையில், பான்ஜோ பழக்கத்தின் தொடர்ச்சியாக வளர்ந்தது. பான்ஜோவின் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. காதின் இந்தக் குணத்தை வைத்து விளையாடுவது அங்கே பழைய வித்தை.

கற்பவரின் தவிப்பு ஏன் இத்தனை நாள் நீள்கிறது என்பதற்கு இதில் ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கை மெதுவான வேகத்தைக் கேட்கிறது. அப்போதுதான் ‘மி’ தன் இடத்தில் நிற்கும். காது வேகத்தைக் கேட்கிறது. அப்போதுதான் மெட்டின் சுரங்கள் ஒன்றை ஒன்று எட்டிப்பிடித்து, பேஸிலிருந்து கழன்று, பாட்டாகும். மெதுவாகச் சரியாக வாசிக்கும்போது பாட்டே கேட்பதில்லை, சம்பந்தமில்லாத ஒலிகள் வரிசையாக விழுகின்றன. அது சலிப்பூட்டுகிறது. பாட்டைக் கேட்கும் ஆசையில் வேகம் கூட்டினால் விரல் விழுகிறது. நிறையப் பேர் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிடுவது இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான்.

வழி ஒன்றும் ரகசியமில்லை. மெட்டுச் சுரங்களைச் சற்று அழுத்தியும் பேஸை மெத்தென்றும் வாசித்தால் மெதுவான வேகத்திலேயே காதுக்குப் பிடிகொடுக்கும். இன்னொன்று, நிறுத்தி நிறுத்திப் பழகுவது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019இல் நடந்த ஆய்வில், 4-1-3-2-4 என்ற விரல் வரிசையைப் பத்து நொடி தட்டி, பத்து நொடி ஓய்வெடுக்கச் சொன்னார்கள். (கிட்டார் பாடம் என்றே சொல்லிவிடலாம் போன்ற வரிசை.) தொடக்கக் கட்ட முன்னேற்றம் தட்டும்போது நடக்கவில்லை, ஓய்வுகளைத் தாண்டும்போது நடந்தது. கற்றதை மூளை அந்த ஓய்வில் வேகமாக ஓட்டிப் பார்க்கிறது என்பது அவர்கள் விளக்கம். இல்லை, களைத்த விரல் தெளிவதுதான் முன்னேற்றம்போல் தெரிகிறது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், சண்டை நடந்துகொண்டிருக்கிறது. 2002இல் இதேபோன்ற விரல் வரிசையை வைத்து ஹார்வர்டில் மேத்யூ வாக்கரும் மற்றவர்களும் செய்த சோதனையில், இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. ராத்திரி வராத சுற்று காலையில் வருகிறது என்று வாசிப்பவர்கள் சொல்வது வெறும் பிரமை இல்லை.

பலரும் செய்வது, பாட்டைத் தொடக்கத்திலிருந்து வாசித்து, தடுக்கிய இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடக்கத்துக்கே போவது. முதல் இரண்டு சுற்றுகள் மெருகேறிப் பளபளக்கும். தடுக்கிய இடம் தடுக்குவதையே கற்றுக்கொள்ளும். ஒரே சுற்றை அரை மணி நேரம் அரைப்பதும் அவ்வளவு பலன் தருவதில்லை. ஜான் ஷேயும் ராபின் மோர்கனும் 1979இல் காட்டியது இது: ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள், சில அசைவுகளைக் கலந்து கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து செய்தவர்களே முன்னால் நின்றார்கள். ‘சி’ சுற்று நான்கு முறை, பிறகு ‘எஃப்’ சுற்று, பிறகு கார்டு மாறும் இடம் மட்டும், மறுபடி ‘சி’ என்று கலைத்துப் போட்டுப் பழகினால் அன்றைய மாலை எரிச்சலாகத்தான் முடியும்.

இடது கை பற்றிச் சொல்லாமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளும். தந்தியை அழுத்தி அழுத்தி விரல் நுனியின் மேல்தோல் தடித்துப்போவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். தெரியாத மாற்றத்தை 1995இல் தாமஸ் எல்பர்ட் குழு கண்டது. தந்திக் கருவி வாசிப்பவர்கள் ஒன்பது பேரின் மூளையை ஆராய்ந்தபோது, இடது கை விரல்களின் தொடுவுணர்வு கிளப்பும் சமிக்ஞை மற்றவர்களைவிட வலுவாக இருந்தது, சின்ன வயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக. கருவியின் பின்புறம் சும்மா தாங்கி நிற்கும் இடது கட்டைவிரலில் மாற்றம் குறைவு.

தோல் தடிப்பு சில வாரம் வாசிக்காவிட்டால் போய்விடும். விரல்களின் பலமும் குறையும். வரிசையின் நினைவு அப்படிப் போவதில்லை. அது வேறு இடத்தில் தங்குகிறது. மூளை அறுவைக்குப் பிறகு புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன ஹெச்.எம். என்ற நோயாளி, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார் என்பதை பிரெண்டா மில்னர் 1962இல் பதிவுசெய்தார். முந்தின நாள் வரைந்த நினைவே அவருக்கு இல்லை. கை மட்டும் கற்றிருந்தது.

எலிசபெத் காட்டன் திருமணம், குழந்தை, தேவாலயம் என்று ஆனதும் கிட்டாரை விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள். 1940களில் வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெக்கி சீகர். தாய் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அவர்கள் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். வீடு முழுக்க நாட்டுப்புற இசை. சுவரில் ஒரு கிட்டார். ஒருநாள் அதை எடுத்து, தன் வழக்கப்படி தலைகீழாகப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். பெக்கியின் அண்ணன் மைக் சீகர் அவர் வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார். 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது காட்டனுக்கு 65 வயது. அந்தத் தட்டில் ‘ஃப்ரெய்ட் ட்ரெய்ன்’ இருக்கிறது. பேஸ் ஓர் இடத்திலும் பிசகுவதில்லை. அதன்பின் எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறினார், 1985இல் கிராமி விருதும் வாங்கினார். சிறுமியாகக் கட்டைவிரலுக்குக் கொடுத்த மெட்டு வேலையைக் கடைசிவரை அது பார்த்துக்கொண்டது.